பிள்ளையின் கட்டுரை நோட்டில் பெற்றோரின் பேனாவுக்கு என்ன வேலை?

‘மழை நாள்’ என்று தலைப்புக் கொடுத்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை பெரும்பாலும் இப்படித்தான் எழுதும்: “நேற்று மழை பெய்தது. நாங்கள் விளையாடினோம். ரொம்ப நன்றாக இருந்தது.” அதோடு பென்சில் கீழே போய்விடும். அதே பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, “நேத்து மழையில என்னதான் பண்ணீங்க?” என்று கேட்டால் பத்து நிமிடம் மூச்சுவிடாமல் சொல்லும். யார் வழுக்கி விழுந்தார்கள், யார் செருப்பு தண்ணீரில் போனது, யார் திட்டினார்கள் என்று எல்லாம் வரும்.

ஆக, சொல்ல விஷயம் இருக்கிறது. வாயிலிருந்து கைக்கு வரும் வழியில் எங்கோ அது சிக்கிக்கொள்கிறது. “இன்னும் நாலு வரி எழுது”, “கையெழுத்தைப் பாரு, கோழி கிளறின மாதிரி” என்று சொல்வதால் அந்தச் சிக்கல் அவிழாது. எந்த இடத்தில் சிக்குகிறது என்று பார்க்கத் தெரிந்தால் வீட்டில் செய்யக்கூடிய உதவி நிறைய இருக்கிறது. அதற்குப் பெற்றோர் தமிழ்ப் புலவராக இருக்க வேண்டியதில்லை.

ஒரே நேரத்தில் மூன்று வேலை

எழுத உட்காரும் பிள்ளை ஒரே சமயத்தில் மூன்று வேலை பார்க்கிறது. என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும். யோசித்ததை வாக்கியமாக்க வேண்டும். அந்த வாக்கியத்தைச் சுழி, கொம்பு, புள்ளியோடு தாளில் இறக்க வேண்டும். பெரியவர்களுக்கு இந்த மூன்றாவது வேலை தானாகவே நடந்துவிடுகிறது. பிள்ளைக்கு அப்படியில்லை. ‘விளையாட்டு’ என்ற சொல்லில் எந்த ‘ள’ என்று நின்று யோசிக்கும் ஐந்து நொடியில், அடுத்துச் சொல்ல நினைத்தது மறந்துபோகிறது. மனம் ஒரே நேரத்தில் தாங்கிப் பிடிக்கக்கூடியது கொஞ்சம்தான்.

லிண்டா ஃப்ளவர், ஜான் ஹேஸ் என்ற இரு ஆய்வாளர்கள், எழுதும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லவைத்து ஆராய்ந்தார்கள். 1981-இல் வெளியான அவர்களுடைய ஆய்வு, எழுதுவதைத் திட்டமிடல், வாக்கியமாக்கல், திரும்பிப் பார்த்தல் என்று பிரித்தது. இவை வரிசையாக வருவதில்லை, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வருகின்றன என்றும் காட்டியது. பின்னர் குழந்தைகளின் எழுத்தை ஆராய்ந்த வர்ஜீனியா பெர்னிங்கர் போன்றவர்கள், கையெழுத்தையும் எழுத்துக்கூட்டலையும் தனிச் சுமையாகக் கணக்கில் எடுத்தார்கள்.

தமிழில் எழுதும் பிள்ளைக்கு இன்னொரு சுமையும் உண்டு. பேசுகிற தமிழ் வேறு, எழுதுகிற தமிழ் வேறு. “போய்ட்டு வந்துட்டேன்” என்று மனதில் ஓடுவதைப் “போய்விட்டு வந்துவிட்டேன்” என்று மாற்றித்தான் எழுத வேண்டும். கிட்டத்தட்ட மொழிபெயர்ப்பு வேலை. வீட்டில் நன்றாகப் பேசும் பிள்ளை தாளில் திணறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இந்த வேலைகளைப் பிரித்து வேறு வேறு நேரத்துக்குத் தள்ளிக் கொடுப்பதுதான் பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி. யோசிக்கும்போது எழுத்துப் பிழை பற்றிப் பேச்சே வரக்கூடாது. பிழை பார்க்கும்போது புதிதாக எதையும் யோசிக்கச் சொல்லக்கூடாது.

முதலில் வாய், பிறகு கை

எழுதுவதற்கு முன் ஐந்திலிருந்து பத்து நிமிடப் பேச்சு போதும். அதை எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

“மழை வந்தப்போ நீ எங்கே நின்னுட்டிருந்தே?”

“வாசல்ல.”

“முதல்ல என்ன சத்தம் கேட்டுது?”

“தகரத்து மேல டப்டப்புன்னு.”

“யாரு முதல்ல இறங்கி ஓடினது?”

“தம்பிம்மா. நான் அவனைப் பிடிச்சு இழுத்தேன். அவன் செருப்பு தண்ணியில போயிடுச்சு. சுத்திச் சுத்திப் போச்சு.”

“இப்ப சொன்னதுல எதை எழுதலாம்?”

“செருப்பு போனதை!”

இந்தப் பேச்சில் அம்மா ஒரு வாக்கியம்கூடப் பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்கவில்லை. எங்கே, யார், முதலில் என்ன என்று மட்டும் கேட்கிறார். “நல்லா இருந்துதா?” என்று கேட்டால் “ஆமா” என்று பதில் வந்து பேச்சு முடிந்துவிடும். “ஏன்?” என்று எடுத்த எடுப்பில் கேட்டால் சின்னப் பிள்ளை விழிக்கும். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் கேட்டால்தான் பதில் வரும். ‘மழை நாள்’ என்ற பரந்த தலைப்பு, தண்ணீரில் சுற்றிச் சுற்றிப் போன ஒரு செருப்பாகச் சுருங்கியதையும் பாருங்கள். தலைப்பு சின்னதாகும்போதுதான் எழுத்து நீளும்.

பேசி முடித்ததும் ஒரு துண்டுத் தாளில் ஐந்தாறு சொல் மட்டும் குறித்துக்கொள்ளலாம்: தகரம், தம்பி, இழுத்தேன், செருப்பு, சுற்றி. முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெற்றோரே குறித்துக் கொடுக்கலாம். அதற்கு மேல் பிள்ளையே குறிக்கட்டும். வாக்கியமாக எழுதிக் கொடுப்பது கூடாது. வாக்கியம் கண்ணில் பட்டால் பிள்ளை அதைப் பார்த்து எழுதும், அவ்வளவுதான்.

எழுதப் படிக்க அதிகம் தெரியாத பெற்றோர் “நமக்கு இதெல்லாம் எங்கே தெரியும்” என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். அது பெரிய இழப்பு. கேட்பதற்குக் காது போதும். பிள்ளை சொல்வதைக் கைபேசியில் பதிவுசெய்து, எழுதும்போது ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்திக் கேட்கவைத்தால் ‘மறந்துபோச்சு’ என்ற தடை பெருமளவு விலகும். பள்ளியில் வேறு மொழியில் எழுத வேண்டியிருந்தாலும் வீட்டுப் பேச்சு தமிழிலேயே இருக்கலாம். யோசனை முதலில் தெளிந்துவிட்டால் மொழி மாற்றுவது தனி வேலையாக நிற்கும்.

தகவல் கட்டுரை வந்தால்

‘நீர் மேலாண்மை’, ‘நூலகத்தின் பயன்’ போன்ற தலைப்புகளில் சிக்கல் வேறு. இங்கே சொல்ல விஷயமே இருக்காது. அல்லது நினைவுக்கு வந்ததெல்லாம் வந்த வரிசையில் கொட்டும். இளம் எழுத்தாளர்கள் தெரிந்ததைத் தெரிந்தபடி இறக்கிவைத்துவிட்டு நிறுத்திவிடுவதைக் கார்ல் பெரைட்டர், மார்லின் ஸ்கார்டமாலியா இருவரும் 1980-களில் விரிவாகவே விளக்கினார்கள். தேர்ந்தவர்கள் தெரிந்ததை மாற்றி அடுக்குகிறார்கள். அடுக்கும்போதே புதிதாக யோசிக்கிறார்கள்.

அடுக்குவதைக் கையால் செய்துகாட்டலாம். எட்டிலிருந்து பத்துச் சிறு துண்டுத் தாள்கள் எடுத்து, ஒரு துண்டில் ஒரே ஒரு செய்தி எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒன்றோடு ஒன்று சேருகிறவற்றைக் குவியலாக வைக்கட்டும். ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு பெயர் வைத்தால் அது உட்தலைப்பு. ஒரு குவியல் ஒரு பத்தி. தனியாக நிற்கும் துண்டுக்குத் துணை தேட வேண்டும், இல்லையென்றால் எடுத்துவிட வேண்டும். எடுத்துவிடுவதுதான் பிள்ளைக்கு மிகவும் கடினம், அதனால் அதையும் ஒருமுறை பழக்க வேண்டும். குவியல்களை எந்த வரிசையில் வைப்பது என்று மேசைமேல் நகர்த்தி நகர்த்திப் பார்க்கட்டும். முன்னுரையைக் கடைசியில் எழுதினால் எளிது. எதைச் சொல்லியிருக்கிறோம் என்று தெரிந்த பிறகுதானே அதை அறிமுகப்படுத்த முடியும்.

மனப்பாடக் கட்டுரை எங்கே காலை வாருகிறது என்றும் பார்க்க வேண்டும். ‘நீரின் பயன்கள்’ என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கு ‘நீர்ச் சிக்கனம்’ என்று தலைப்பு வந்தால், பயன்களையே ஒரு பக்கம் எழுதிவிட்டுக் கடைசியில் “எனவே நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவோம்” என்று ஒட்டவைக்கும். எழுத்து அழகாக இருக்கும், மதிப்பெண் வராது. செயற்கை நுண்ணறிவு (AI) இயந்திரத்திடம் கேட்டு வாங்கி எழுதினாலும் இதேதான். நோட்டு நிறையும், துண்டுகளை அடுக்கிய அனுபவம் பிள்ளைக்குக் கிடைக்காது.

வாக்கியத்தைச் சேர்க்கப் பழக்குதல்

நான்கு, ஐந்தாம் வகுப்பில் பல நோட்டுகளில் ஒரே ஓசை கேட்கும்: “நாய் நின்றது. நாய் சின்னது. அது கதவுப் பக்கம் நின்றது. அது குரைத்தது.” பிழை ஒன்றும் இல்லை. ஆனால் வாக்கியங்கள் ஒன்றோடு ஒன்று கைகோக்கவில்லை. தமிழில் கைகோக்க அருமையான கருவிகள் உண்டு: பெயரெச்சமும் வினையெச்சமும். “கதவுப் பக்கம் நின்ற சின்ன நாய் குரைத்தது” என்றால் நான்கும் ஒன்றாகிவிட்டன. “மணி அடித்தது. பிள்ளைகள் ஓடினார்கள்” என்பதை “மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடினார்கள்” என்று சேர்க்கலாம். “மணி அடித்தபோது”, “மணி அடித்ததால்”, “மணி அடித்தும் ஓடவில்லை” என்று மாற்றிக்கொண்டே போனால் ஒவ்வொன்றிலும் பொருள் எப்படித் திரும்புகிறது என்று பிள்ளைக்கே புரியும். இலக்கணப் பெயர் தெரிய வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு மூன்று ஜோடி, வாய்மொழியாகவே, ஐந்து நிமிடம்.

இதைச் சும்மா சொல்லவில்லை. ஸ்டீவ் கிரஹாம், டொலோரஸ் பெரின் இருவரும் 4 முதல் 12-ஆம் வகுப்பு மாணவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளியிட்ட அறிக்கையில், வாக்கியங்களைச் சேர்க்கும் பயிற்சி எழுத்தை மேம்படுத்தும் முறைகளில் ஒன்றாக இடம்பெற்றது. இலக்கணத்தைத் தனியாகப் பாடமாக நடத்துவதால் எழுத்து மேம்பட்டதாக அந்தத் தொகுப்பில் தெரியவில்லை. சுருக்கி எழுதும் பயிற்சியும் பலன் தந்தது. ஒரு பத்தியைப் படித்து, புத்தகத்தை மூடி, வாயால் மூன்றே வாக்கியத்தில் சொல்லி, பிறகு எழுதவேண்டும். மூடாமல் எழுதினால் அது சுருக்கம் ஆகாது, பொறுக்கி எழுதுவதாகிவிடும்.

பெரிய வகுப்பில் நோய் தலைகீழாகும். சேர்க்கத் தெரிந்ததும் வாக்கியம் ஐந்து வரிக்கு நீளும். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், அங்கே போய்ச் சேரும்போது எழுவாய் மறந்திருக்கும். “மாடுகள் மேய்ந்தது”, “ஒவ்வொரு மாணவரும் வந்தார்கள்” என்பவை இப்படி நுழைகின்றன. எழுவாயின் கீழ் ஒரு கோடு, பயனிலையின் கீழ் ஒரு கோடு போட்டு, அந்த இரண்டை மட்டும் சேர்த்துப் படிக்கச் சொன்னால் ‘மாடுகள் மேய்ந்தன’, ‘ஒவ்வொரு மாணவரும் வந்தார்’ என்று பிள்ளையே திருத்திக்கொள்ளும். இரண்டு கோட்டுக்கும் நடுவே இரண்டு வரிக்கு மேல் இருந்தால் வாக்கியத்தை வெட்ட வேண்டும்.

பிழைகளில் எதை முதலில் பிடிப்பது

ஒரு பக்கத்தில் இருபது பிழை இருந்தால் இருபதையும் சிவப்பில் வட்டமிடுவது பெற்றோரின் மனத்துக்கு நிம்மதி தரும். பிள்ளை அதில் எதையும் கற்காது. ஒரு வாரத்துக்கு ஒரு வகைப் பிழை போதும்.

விதியால் தீரும் பிழைகளை முதலில் எடுங்கள். ‘ந’ சொல்லுக்கு முதலில் வரும். ‘ன’வும் ‘ண’வும் வராது. ஒரே சொல்லுக்குள் ‘த’வுக்கு முன்னால் ‘ந்’, ‘ட’வுக்கு முன்னால் ‘ண்’, ‘ற’வுக்கு முன்னால் ‘ன்’: பந்து, வண்டு, கன்று. இந்த இரண்டு விதியே ந, ன, ண குழப்பத்தில் பெரும்பங்கைத் தீர்த்துவிடும். எஞ்சிய மனம்–மணம், பனி–பணி போன்றவற்றை நினைவில்தான் வைக்க வேண்டும்.

பெரியவர்களும் விழும் பள்ளம் ஒன்று உண்டு: ‘முயற்ச்சி’, ‘பயிற்ச்சி’, ‘காட்ச்சி’. ற், ட் ஆகிய வல்லின மெய்களுக்குப் பின்னால் இன்னொரு வல்லின மெய் வராது. எனவே முயற்சி, பயிற்சி, காட்சி. ஆனால் ர், ழ் இடையினம் என்பதால் வளர்ச்சி, மகிழ்ச்சி என்று ‘ச்’ வரும். இதை ஒருமுறை காட்டிவிட்டால் பிள்ளை கடைப் பலகைகளில்கூடப் பிழை பிடிக்கத் தொடங்கும்.

ல, ள, ழ விதியால் தீராது. நாக்கால் தீர வேண்டும். தலை, தளை, தழை மூன்றும் வீட்டில் ஒரே மாதிரி ஒலித்தால் பிள்ளை எதைக் கேட்டு எழுதும்? சத்தமாகப் படிக்கும் நேரத்திலாவது பெரியவர்கள் நாக்கை மடித்துச் சொல்ல வேண்டும்.

ஒற்று மிகுதலைச் சின்ன வகுப்பில் தொடவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. நான்காம், ஐந்தாம் வகுப்பில் மூன்று இடம் போதும்: அந்த, இந்த, எந்தவுக்குப் பின் (அந்தப் பையன்), ‘ஐ’ உருபுக்குப் பின் (பாடத்தைப் படித்தான்), ‘கு’ உருபுக்குப் பின் (வீட்டுக்குப் போனான்).

தவறிய சொல்லைப் பத்து முறை எழுதவைப்பது வீண். இரண்டாம் முறைக்குப் பிறகு கண் மேல் வரியைப் பார்த்துத்தான் எழுதும், மனம் எங்கோ இருக்கும். சொல்லைப் பார்க்க வேண்டும், மூட வேண்டும், நினைவிலிருந்து எழுத வேண்டும், திறந்து சரிபார்க்க வேண்டும். இதையே மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்துச் செய்தால் தங்கும். வாரம் ஐந்து சொல். அந்த ஐந்தும் பிள்ளையின் நோட்டில் அது தவறவிட்டவையாக இருக்கட்டும்.

கையெழுத்து

பாதம் தரையில் அல்லது ஒரு பலகையில் படிய வேண்டும். முழங்கை உயரத்தில் மேசை. பென்சிலை முனையிலிருந்து சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும். வலக்கைப் பிள்ளைக்குத் தாளின் தலை சற்று இடப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். இடக்கைப் பிள்ளைக்கு வலப்பக்கம். இடக்கைப் பிள்ளை பென்சிலை இன்னும் கொஞ்சம் மேலே பிடித்தால் எழுதியது கைக்கு மறையாது.

தமிழ் எழுத்தில் தனியாகக் கவனிக்க வேண்டியது கொம்பு. ‘கெ’ என்று சொல்லும்போது ‘க்’ ஒலி முதலில் வருகிறது, எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது. ஒலித்து ஒலித்து எழுதும் பிள்ளை ‘க’ போட்டுவிட்டுப் பிறகு கொம்பை இடுக்கில் நுழைக்கும். ‘கொ’வில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இங்கே பிள்ளையிடம் சோம்பல் எதுவும் இல்லை. எழுத்தின் அமைப்பே அப்படி. “கொம்பு, க, கால்” என்று கையோடு வாயும் சொன்னால் சரியாகிவிடும்.

நகல் எழுதுவதில் எல்லோரும் கவனிக்காமல் விடுவது இது: ஒரு பக்கம் முழுக்க எழுதச் சொன்னால் முதல் வரி மாதிரியைப் பார்த்து வரும், இரண்டாம் வரி முதல் வரியைப் பார்த்து வரும், எட்டாம் வரியில் எழுத்து உருத்தெரியாமல் போயிருக்கும். தவறுதான் பயிற்சியாகிறது. நான்கே வரி, ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் மாதிரி. முடிந்ததும் தன் எழுத்தில் மிக நன்றாக வந்ததைப் பிள்ளையே வட்டமிடட்டும்.

எழுதிய பிறகு

பிள்ளை எழுதியதைப் பெற்றோர் உரக்கப் படிக்க வேண்டும், உள்ளது உள்ளபடி. பிள்ளையே படித்தால் எழுதியதைப் படிக்காது, எழுத நினைத்ததைப் படிக்கும். விட்டுப்போன சொல் அதன் கண்ணில் படாது. வேறொருவர் வாயில் அந்த வரி தடுக்கும்போதுதான் “ஐயோ, அங்கே ஒண்ணு விட்டுட்டேன்” என்று வரும்.

முதல் சுற்றில் பொருள் மட்டும். “நல்லா இருக்கு” என்றால் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. “செருப்பு சுத்திச் சுத்திப் போச்சுன்னு எழுதியிருக்கே பாரு, அது எனக்குக் கண்ணுல தெரிஞ்சுது. ஆனா தம்பி அழுதானா, சிரிச்சானா? அது தெரியலையே” என்று சொல்லுங்கள். எந்த வரி வேலை செய்தது என்று ஒன்று, எங்கே வாசிப்பவருக்கு இடறியது என்று ஒன்று. அதற்கு மேல் வேண்டாம்.

பிழைச் சுற்று மறுநாள். பிழையுள்ள சொல்லைத் தொடாமல், அந்த வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு பிழை என்றால் இரண்டு புள்ளி. எது பிழை என்று தேடுவது பிள்ளையின் வேலை. அந்தத் தேடல்தான் கற்றல். பெற்றோரின் பேனாவுக்கு இந்த நோட்டில் உள்ள வேலை இந்தப் புள்ளி மட்டுமே. முழுப் பக்கத்தையும் தண்டனைபோலத் திரும்ப எழுதவைக்காதீர்கள். மாற வேண்டிய பத்தியை மட்டும் எழுதினால் போதும். பெற்றோர் திருத்திக் கொடுத்த கட்டுரை பள்ளிக்குப் போனால், பிள்ளைக்கு எது வரவில்லை என்று ஆசிரியருக்குத் தெரியாமலே போகும்.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவு 2012-இல் வெளியிட்ட வழிகாட்டி, முதல் வகுப்பிலிருந்தே பள்ளியில் நாளுக்கு ஒரு மணி நேரம் எழுத்துக்கு ஒதுக்கப் பரிந்துரைத்தது: அரை மணி கற்பிக்க, அரை மணி பழக. அது பள்ளிக்கு. வீட்டில் சின்ன வகுப்புக்குப் பத்து நிமிடமும் பெரிய வகுப்புக்கு இருபது நிமிடமும் வாரத்தில் நான்கு நாள் நடந்தால், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காரவைப்பதைவிட எவ்வளவோ மேல்.

எல்லாம் செய்தும் நகராதபோது

வாயால் தெளிவாகச் சொல்கிறது, ஆனால் மாதக்கணக்கில் பழகியும் ஒரே எழுத்தை ஒவ்வொரு முறையும் வேறு வடிவில் எழுதுகிறது. சொற்களுக்கு இடையே இடம் விடுவதில்லை. நான்கு வரிக்குள் கை வலிக்கிறது என்கிறது. எழுதுவது என்றாலே அழுகிறது. இவை சேர்ந்து வந்தால் அது பிடிவாதமோ சோம்பலோ ஆகாமல் டிஸ்கிராஃபியா என்னும் எழுதுதல் குறைபாடாக இருக்கலாம். அறிவுத்திறனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பார்வையை முதலில் சோதித்துக்கொண்டு, குழந்தை மருத்துவர் வழியாகக் கற்றல் குறைபாடுகளை மதிப்பிடும் உளவியலாளரிடமோ, கைத்திறனுக்குப் பயிற்சி தரும் தொழில்வழிச் சிகிச்சையாளரிடமோ போகலாம். போகும்போது தேதியிட்ட ஐந்தாறு நோட்டுப் பக்கங்களையும், அதே விஷயத்தைப் பிள்ளை வாயால் சொன்ன ஒரு பதிவையும் கொண்டுபோங்கள். சொல்வதற்கும் எழுதுவதற்கும் உள்ள இடைவெளி அதில் அப்படியே தெரியும். பள்ளியில் கூடுதல் நேரமோ வாய்மொழித் தேர்வோ கேட்பதற்கும் அவையே கையில் இருக்கும்.